பவளத் தொட்டியில் கிளாத்தி: சென்னையில் ட்ரிகர் மீன் வளர்க்கும் அனுபவம்

கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் யாரிடமாவது "பவளத்தோட ட்ரிகர் விடலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் "ஐயோ, வேண்டவே வேண்டாம், எல்லாத்தையும் தின்னு தீர்த்துடும்" என்பார்கள். கடைக்காரரோ அதே மீனைக் காட்டி, "சார், இது ரொம்ப சாது, தாராளமா விடலாம்" என்பார். இரண்டும் பாதி உண்மை. ட்ரிகர் குடும்பத்தில் சுமார் 40 இனங்கள் இருக்கின்றன. கையில் இருப்பது எந்த இனம், அது கடலில் எதைத் தின்று வாழ்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மீதிப் பாதி சென்னை வெயிலும் கரண்டும் சம்பந்தப்பட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

என் தொட்டி மடிப்பாக்கத்தில், இரண்டாம் மாடி ஃப்ளாட்டில் இருக்கிறது. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். கணக்குப் போட்டால் சுமார் 680 லிட்டர். தண்ணீர், கண்ணாடி, பாறை, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னை நெருங்கிவிடும். அதனால் ஒரு இன்ஜினீயரை அழைத்துக் காட்டி, பீம் ஓடும் சுவரை ஒட்டியே வைத்தோம். இதைவிடச் சின்னத் தொட்டியில் எந்த ட்ரிகரையும் பரிந்துரைக்க மாட்டேன். கடையில் மூன்று அங்குலத்தில் பார்க்கும் குட்டி, விரல் அளவிலேயே நின்றுவிடப் போவதில்லை.

இனங்களுக்கு வருவோம். பவளத் தொட்டிக்கு என் முதல் தேர்வு ப்ளூ ஜா. ஆணுக்குத் தாடையில் அடர்நீலப் பட்டை, துடுப்பு ஓரங்களில் மஞ்சள். பெண்ணுக்கு அந்த நீலம் கிடையாது. இது கடலில் பாறைச் சரிவுகளுக்கு மேலே நடுநீரில் மிதந்தபடி மிதவை உயிரிகளைப் பொறுக்கித் தின்னும் மீன். பவளத்தைக் கொறிக்க அதற்கு அவசியமே இல்லை. இதன் நெருங்கிய உறவு கிராஸ்ஹேட்ச். குணம் அதேதான், விலைதான் கேட்டாலே மயக்கம் வரும். பிங்க்டெயில் பரவாயில்லை. நைஜர் என்று விற்கப்படும் சிவப்புப் பல் ட்ரிகரும் மிதவை உயிரி தின்பதுதான், ஆனால் வளர வளரத் திமிர் கூடும்.

பிகாசோ, க்ளவுன், அண்டுலேட்டட் மூன்றும் வேறு ரகம். நண்டு, நத்தை, கடல் முள்ளெலி என்று ஓடுள்ளவற்றை உடைத்துத் தின்னவே அவற்றின் தாடை அமைந்திருக்கிறது. க்ளவுன் ட்ரிகர் குட்டியின் வெள்ளைப் பொட்டுகளைப் பார்த்து மயங்காதவர் இல்லை. கடலில் அது அரை மீட்டர் வரை வளரும், வளர்ந்த பிறகு கூட இருக்கும் மீன்களையே துரத்தும். அதற்கென்று தனித் தொட்டி வைக்க மனசிருந்தால் வாங்குங்கள். பவளத் தொட்டி அதற்கான இடம் இல்லை. டைட்டன் ட்ரிகரைப் பற்றி அந்தமானில் முக்குளிக்கப் போய் வந்தவர்களைக் கேளுங்கள். கூடு காக்கும் காலத்தில் ஆளையே கடிக்க வரும்.

ட்ரிகரின் உடலமைப்பு புரிந்தால் வளர்ப்பதும் சுலபம். அதை நான் கற்றுக்கொண்டது காசிமேட்டில். நம் கடற்கரையில் இதற்குக் கிளாத்தி என்று பெயர். இழுவைப் படகு வலையில் மற்ற மீன்களோடு சேர்ந்து வரும். தோல் தடிமன் என்பதால் உரித்துவிட்டுத்தான் சமைப்பார்கள். தொட்டி மீன்களுக்கு இறால் வாங்கப் போன ஒரு விடியற்காலையில், கூடையில் கிடந்த ஒரு கிளாத்தியை எடுத்து முதுகு முள்ளை நிமிர்த்திப் பார்த்தேன். முதல் முள் தடியாக, அரம் போலச் சொரசொரவென்று நிமிர்ந்து நின்றது. கட்டை விரலால் எவ்வளவு அழுத்தினாலும் மடங்கவில்லை. பின்னாலிருந்த குட்டி முள்ளை லேசாகக் கீழே தள்ளியதும் முன்முள் 'டக்'கென்று படுத்துக்கொண்டது. ட்ரிகர் என்ற பெயரே இந்த விசையால் வந்ததுதான். மீன் விற்ற அக்கா கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "வாங்கப் போறியா, இல்ல வெளையாடிட்டே நிக்கப் போறியா?" என்றார். வீட்டில் வளர்க்கிறேன் என்று சொன்னதற்கு, "கிளாத்தியையா? கொழம்பு வைக்கிறத விட்டுட்டு?" என்று பக்கத்துக் கூடைக்காரரையும் கூப்பிட்டுச் சிரித்தார். அந்த மீனை வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

அந்த முள்தான் மீனின் பூட்டு. பயந்தாலோ தூங்கப் போனாலோ பாறை இடுக்கில் நுழைந்து முள்ளை நிமிர்த்திக்கொள்ளும். அப்புறம் யாராலும் இழுக்க முடியாது. ஆகவே இரண்டு விஷயம். ஒன்று, ட்ரிகரை வலை போட்டுப் பிடிக்காதீர்கள். முள் வலையில் மாட்டிக்கொண்டால் கத்தரிக்கோலால் வலையை வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதற்குள் மீன் பாதி செத்துவிடும். ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஓட்டித் தண்ணீரோடு மொண்டு எடுப்பதுதான் வழி. இடுக்கில் பூட்டிக்கொண்டால் பாறையோடு தூக்குங்கள். இன்னொன்று, பாறைகளை அடுக்கும்போதே ஒவ்வொரு ட்ரிகருக்கும் உடம்பு நுழையும் அளவில் ஓர் இடுக்கு விடுங்கள். படுக்க இடம் இல்லாத ட்ரிகர் இரவெல்லாம் அலைந்து இளைத்துப் போகும்.

வாங்கும்போது நான் பார்ப்பது மூன்று. கண்ணெதிரே தின்கிறதா? கடைக்காரரிடம், "அண்ணா, கொஞ்சம் ஃபீட் பண்ணிக் காட்டுங்க" என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வயிறு ஒட்டியிருக்கிறதா? தலைக்குப் பின்னால் முதுகு குழி விழுந்திருக்கிறதா? தின்றும் உடம்பு ஏறாமல் வற்றிக்கொண்டே போகும் மீன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் பக்கம் சில இடங்களில் சயனைடு கரைசலைப் பீய்ச்சி மீன் பிடிக்கும் வழக்கம் உண்டு. அப்படிப் பிடிபட்டவை உள்ளுக்குள் கெட்டுப்போயிருக்கலாம். எடுத்துவரும்போது இரட்டைக் கவர் போடச் சொல்லுங்கள். முள்ளும் பல்லும் ஒற்றைக் கவரை லேசில் கிழித்துவிடும்.

வந்த மீனை நேரே பவளத் தொட்டியில் விடுவது இல்லை. தனியாக ஒரு வெறும் தொட்டி, அதில் பிவிசி குழாய்த் துண்டுகள் மறைவிடமாக, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். அவ்வளவுதான். வெள்ளைப் புள்ளி, வெல்வெட் என்ற இரண்டு ஒட்டுண்ணி நோய்களுக்கும் காப்பர் மருந்துதான் என் நம்பிக்கை. மருந்து பாட்டிலில் சொன்ன அளவை எட்டியதா என்று தினமும் காப்பர் மீட்டரில் பார்த்து, ஒரு மாதம் அந்த அளவிலேயே நிறுத்துவேன். ட்ரிகர் காப்பரை நன்றாகவே தாங்கும். ஆனால் பவளமும் இறாலும் நத்தையும் தாங்காது. பெரிய தொட்டியில் ஒரு சொட்டுக்கூட விழக் கூடாது. நோய் பெரிய தொட்டிக்குள் புகுந்துவிட்டால் மீன்களையெல்லாம் வெளியே எடுத்து, தொட்டியை 76 நாள் மீனே இல்லாமல் விட வேண்டும் என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. ஆறடித் தொட்டியில் இடுக்குக்குள் பூட்டிக்கொண்ட ட்ரிகரை வெளியே எடுப்பதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். தனித் தொட்டியின் அருமை அப்போது தெரியும்.

தொட்டியில் ட்ரிகர்தான் கடைசியாக வர வேண்டும். இது கேட்டுக் கேட்டுப் புளித்த அறிவுரை, ஆனால் சரியானது. முதலில் வந்த ட்ரிகர் தொட்டி முழுக்கத் தனக்கே பட்டா போட்டுக்கொள்ளும். எங்கள் வீட்டில் க்ளவுன் மீன் ஜோடி, ஒரு செயில்ஃபின் டேங், பாசி தின்ன ஒரு ஓரா எல்லாம் ஊன்றிய பிறகுதான் ப்ளூ ஜா ஜோடி வந்தது. முதல் சில நாள் துளை போட்ட அக்ரிலிக் பெட்டிக்குள் வைத்துத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டேன். மற்றவை வந்து முறைத்துவிட்டுப் போகட்டும் என்று. திறந்துவிட்டபோது பெரிய கலாட்டா எதுவும் இல்லை. ஜோடியாக வாங்க நினைத்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் விடுங்கள், அல்லது பெண்ணை முதலில், ஆணைப் பிறகு.

கூடவே ஒரு விலையும் கொடுக்க வேண்டும். துப்புரவு இறால், சின்னத் துறவி நண்டு, சின்ன நத்தை இவையெல்லாம் ட்ரிகர் உள்ள தொட்டியில் அதிர்ஷ்டத்தில்தான் உயிரோடு இருக்கும். ப்ளூ ஜா என் துப்புரவு இறாலை ஒன்றும் செய்யவில்லை. அந்த இறால் அதற்கு முன்பே பெரிதாக வளர்ந்து பழகியிருந்தது. புதிதாக ஒரு குட்டி இறாலை விட்டிருந்தால் அதை உணவு என்றுதான் நினைத்திருக்கும். பாசிக்கு நத்தைப் படையை நம்பாமல் டேங்கையும் ஓராவையும் நம்புகிறேன். ஐப்டேசியா என்ற களை அனிமோன் முளைத்தால் பெப்பர்மின்ட் இறால் விடும் வழி நமக்கு இல்லை. சுண்ணாம்புக் கூழ் போலக் கரைத்த கால்க்வாஸரைச் சிரிஞ்சில் எடுத்து, அதன் வாயிலேயே வைத்துவிடுவேன்.

இந்த அமைதி நைஜர் வரும் வரைதான். ஊர் மாறிப் போன ஒரு நண்பர் தொட்டியைக் கலைத்தபோது, கையளவு வளர்ந்த அவருடைய நைஜர் என் வீட்டுக்கு வந்தது. அதன் குணம் தெரிந்துதான் ஒப்புக்கொண்டேன். வரும் முன்பே இறாலைச் சம்ப்புக்கு (தொட்டித் தண்ணீர் வந்து சுத்தமாகிப் போகும் துணைத் தொட்டி) மாற்றினேன், ஆட்டம் காட்டிய பவளத் துண்டுகளையெல்லாம் எபாக்சி வைத்து ஒட்டினேன். ஒட்டாமல் விட்ட ஒரு ஸோவாந்தஸ் பவளத் துண்டு மறுநாள் காலை தொட்டியின் மறுகோடியில் தலைகீழாகக் கிடந்தது. அதைத் தின்ன வேண்டும் என்றில்லை, வாயால் தூக்கித் தூர எறிய வேண்டும், அவ்வளவுதான். மணலை வாய் நிறைய அள்ளித் துப்பும். நத்தையைக் கண்ணாடியிலிருந்து பெயர்த்துப் புரட்டிப் போட்டு, அது வெளியே தலை நீட்டும் வரை காத்திருக்கும். இரண்டு கண்களும் தனித்தனியாகச் சுழலும். ஒன்று நத்தையின் மேல், இன்னொன்று என் மேல். இப்போது தொட்டியில் மிஞ்சிய நத்தைகள் பெரிய டர்போ ரகம் மட்டும்தான்.

பவளத்தை அது தொட்டதே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். டார்ச், ஹாமர், லெதர், காளான் பவளம் எல்லாம் அதன் பக்கத்திலேயே விரிந்து ஆடுகின்றன. இரவில் அது தன் இடுக்கில் தலையைச் செருகிக்கொள்ளும். வாலின் நீண்ட இரு நுனிகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் மீன் செத்துவிட்டது என்றே நினைப்பார்கள். என் மாமியார் நினைத்தார்.

ஒயர் விஷயத்தில் கவனம். ஹீட்டர், பம்ப் ஒயர்களைக் கடிக்கும் பழக்கம் சில ட்ரிகர்களுக்கு உண்டு. ஒயர்களைக் கெட்டிக் குழாய்க்குள் விட்டு, முழுத் தொட்டி இணைப்புக்கும் மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி போடுங்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள், உப்புத் தண்ணீரில் கை வைப்பது நாம்தான். கை என்றதும் இன்னொன்று. நைஜருக்குக் கையால் ஊட்டும் வீடியோக்கள் பார்க்க அழகாக இருக்கும். காசிமேட்டில் அந்தக் கிளாத்தியின் வாயைத் திறந்து உளி போன்ற பற்களைப் பார்த்ததிலிருந்து நான் இடுக்கிதான்.

தீனிதான் ட்ரிகரின் கோபத்தை அடக்கும் மருந்து. பசித்த ட்ரிகர்தான் பக்கத்து மீனின் துடுப்பைக் கொறிக்கிறது. ஒரே வேளை நிறையப் போடுவதைவிட, நாளுக்கு மூன்று வேளை கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவேன். காசிமேட்டு இறாலும் கணவாயும் மட்டியும்தான் அடிப்படை. ஓட்டோடு பொடியாக நறுக்கி, நன்றாக அலசி, நோரி என்ற கடற்பாசித் தாளைக் கிழித்துக் கலந்து, ஜிப் கவரில் தட்டையாகப் பரப்பி ஃப்ரீஸரில் வைத்துவிட்டால் வேண்டியதை உடைத்து உடைத்து எடுக்கலாம். (வீட்டில் தனி ஃப்ரீஸர் இல்லையென்றால் கவரின் மேல் பெரிதாக எழுதி வையுங்கள். அனுபவம்.) ப்ளூ ஜாவுக்கு மைசிஸ், கிரில் என்ற குட்டி இறால் வகைகள் போல நடுநீரில் மிதக்கும் துண்டுகள் பிடிக்கும். கீழே விழுந்ததை அது அவ்வளவாகத் தேடாது. நைஜருக்கு வாரத்துக்கு இரண்டு முறையாவது ஓடு உள்ள மட்டி. அதன் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். கடினமானதைக் கடித்துத் தேய்க்காவிட்டால் ஒருநாள் வாயை மூடவே முடியாமல் போகும்.

இவ்வளவு தீனி போட்டால் கழிவும் அவ்வளவு சேரும். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் ஏறும். அதனால் தொட்டி அளவுக்குச் சொன்னதைவிட ஒரு படி பெரிய ஸ்கிம்மர் (கழிவை நுரையோடு பிரித்தெடுக்கும் கருவி) வைத்திருக்கிறேன். சம்ப்பில் கீட்டோ பாசி, வாரத்துக்கு 10 சதவீதத் தண்ணீர் மாற்றம். அதாவது கிட்டத்தட்ட 70 லிட்டர், உப்பு மட்டும் இரண்டரைக் கிலோவுக்கு மேல். நைட்ரேட் 10 முதல் 20 வரை இருந்தாலே எனக்குத் திருப்தி. அக்ரோபோரா போல நுணுக்கமான பவளம் வளர்க்க ஆசைப்படுபவர்கள் ட்ரிகரின் பசியையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் லெதரும் டார்ச்சும் போதும் என்று இருந்துவிட்டேன்.

தண்ணீருக்கு வருகிறேன். நீலாங்கரையிலிருந்து கேனில் கடல் தண்ணீர் கொண்டுவந்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோர உப்பு இறங்கிவிடும், அடையாற்றுத் தண்ணீரும் கூவமும் எங்கே போய்ச் சேர்கின்றன என்றும் தெரியும். எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை. உப்பும் தாதுவும் முழுக்க வடிகட்டிய ஆர்ஓ-டிஐ தண்ணீரில் செயற்கைக் கடலுப்புக் கலந்து, அடர்த்தி 1.025. நம் பகுதி போர் தண்ணீர் டிடிஎஸ் எங்கேயோ நிற்கும், அதை நேரே விட்டால் மெம்பரேன் சீக்கிரம் போய்விடும். அதனால் மெட்ரோ தண்ணீரை எடுக்கிறேன். முன்னால் கார்பன் ஃபில்டர் அவசியம், குளோரின் இருக்கும். குடிக்கிற கேன் தண்ணீர் இதற்கு ஆகாது. டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்ட வேண்டும்.

வெயில்தான் சென்னையில் பெரிய வில்லன். ஏப்ரல், மே மாதங்களில் குளிரூட்டாத தொட்டி சர்வசாதாரணமாக 32, 33 டிகிரிக்குப் போகும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் பவளங்கள் வெளிறிப் போனதற்குக் கடல்நீர்ச் சூடுதான் காரணம். வீட்டுத் தொட்டிக்கும் அதே கதிதான். ஃபேன் வைத்து ஆவியாக்கிக் குளிர்விக்கலாம் என்பார்கள். பெங்களூரில் நன்றாக வேலை செய்யும். நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே அவ்வளவு ஈரம் இருக்கிறது, தண்ணீர் எங்கே ஆவியாகும்? சில்லர்தான் வழி. அதை ஹாலில் வைத்தால் தொட்டியிலிருந்து எடுத்த சூட்டை ஹாலிலேயே கொட்டும். குழாயை நீட்டிச் சர்வீஸ் பால்கனியில் வைத்தேன். 26 டிகிரியில் நிற்கிறது. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டும்போது கட்டண விகிதமே மாறும் என்பதை வாங்கும் முன்பே வீட்டில் சொல்லிவிடுவது குடும்ப அமைதிக்கு நல்லது. மேலே கண்ணாடி மூடி போடாதீர்கள், சூடு தங்கும். ஆனால் திறந்தும் விடக் கூடாது, ப்ளூ ஜா எகிறிக் குதிக்கும். அலுமினியச் சட்டத்தில் நைலான் வலை கட்டியது இரண்டுக்கும் தீர்வு.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பகுதியில் தெருவே தண்ணீர், நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது சூடு பிரச்சினை இல்லை, பிராணவாயுதான். ட்ரிகர் பெரிய உடம்பு, நிறைய சுவாசிக்கும். முதல் சில மணி நேரம் இன்வெர்ட்டரில் தண்ணீரைச் சுழற்றும் வேவ்மேக்கர் ஒன்றை மட்டும் ஓட்டினேன். டிசி மோட்டார் என்பதால் மிகக் குறைவாகவே இழுத்தது. அது ஓய்ந்ததும் பேட்டரி ஏர் பம்ப்புகள். ஸ்கூட்டர் பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்து மாட்டிய நேரமும் உண்டு. தீனியை அடியோடு நிறுத்தினேன். கொழுத்த ட்ரிகர் சில நாள் பட்டினியைப் பொருட்படுத்தாது, ஆனால் தின்று கழிந்ததைச் சுத்தப்படுத்த ஓடாத ஸ்கிம்மரால் முடியாது. மணிக்கொரு தரம் சொம்பால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவதுகூட உதவியது. மீன்கள் அத்தனையும் பிழைத்தன. பவளத்தில் ஒரு டார்ச் தலை கரைந்தது. அதன் பிறகு தொட்டிக்கென்றே தனியாக ஒரு பெரிய பேட்டரி வாங்கி வைத்திருக்கிறேன். மழைக்காலம் வரும் முன் அக்டோபரிலேயே அதை முழுக்கச் சார்ஜ் ஏற்றிச் சோதித்துப் பார்ப்பேன்.

பவளம் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. "ராமேஸ்வரம் பக்கத்து லைவ் ராக் சார், சூப்பரா இருக்கும்" என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. நம் கடலின் கல் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. கடல் அட்டைக்கும் கடல் குதிரைக்கும்கூட இதே சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. காய்ந்த பாறையும் பாட்டில் பாக்டீரியாவும் வைத்துத் தொடங்கினால் பக்குவமாக இரண்டு மூன்று மாதம் கூடுதலாகும். ஆகட்டும். வெளிநாட்டுப் பவளம் என்றாலும் பில்லும் இறக்குமதித் தாளும் கேளுங்கள். அதேபோல், வளர்ந்துவிட்ட ட்ரிகரைச் சமாளிக்க முடியவில்லை என்று கடலில் கொண்டுபோய் விடுவதும் கூடாது. வாங்கிய கடையிலோ, பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ கேளுங்கள். கொடுக்க ஆள் இருக்கிறதா என்பதை வாங்கும் முன்பே விசாரித்து வைப்பது இன்னும் நல்லது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் எதிர் ஃப்ளாட் அக்காதான் தீனி போடுகிறார். ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனிச் சின்னக் கவராகக் கட்டி, தேதி எழுதி ஃப்ரீஸரில் அடுக்கிவிடுவேன். மொத்தமாகக் கொடுத்தால் பாவம் பார்த்து இரண்டு மடங்கு போட்டுவிடுவார். நைஜர் கண்ணாடியில் வந்து முட்டி முட்டிக் கேட்கும் நடிப்புக்கு யாரும் மயங்காமல் இருக்க முடியாது. சம்ப்பில் தண்ணீர்க் கோடு எதுவரை இருக்க வேண்டும், ஆர்சிசிபி விழுந்தால் எந்த சுவிட்ச், பேட்டரி எங்கே, என் நம்பர் எல்லாம் ஸ்டாண்டின் கதவில் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறது. போன தடவை திரும்பி வந்தபோது அதன் அடியில் அவர் கையெழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது: "நீல மீன் மேல தண்ணி துப்புது, போனை பக்கத்துல வைக்காதீங்க."